இருபத்து நாலு மணி நேரக் கேன்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், அதற்கு ஒரு கால் கிடையாது, கீழே செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறது. இப்படி என் பக்கத்தில் வாருங்கள். டோக்கன் வாங்கிவிட்டீர்களா? பதினேழா? இப்போதுதான் ஒன்பது உள்ளே போயிருக்கிறது. சாவகாசமாக உட்காருங்கள், இங்கே அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

உங்களுக்குச் சர்க்கரை எத்தனை வருஷமாக? இல்லவே இல்லையா? பிரஷர்? அதுவும் கிடையாதா? ஓ, நீங்கள் அந்தப் பட்டியலா! ஒன்றுமே இல்லாதவர்களையும் நாலு பேரைக் கூப்பிட்டு, நோயாளிகளோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்களே, அந்தப் பட்டியல். கொடுத்து வைத்தவர். இந்த மூன்றாவது மாடியில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்களே என்று அப்போதே நினைத்தேன்.

என் கையில் இருப்பதையா பார்க்கிறீர்கள்? சாம்பிள் டப்பா. காலிதான், பயப்படாதீர்கள். மூடியில் பெயர் ஒட்டியிருக்கிறது பாருங்கள்: ஹேமலதா, ஐம்பத்து இரண்டு, பெண். எனக்கு எதற்கு டப்பா என்றுதான் நானும் அரை மணி நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நோயாளி நானில்லை. நோயாளி அதோ, தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாரே, நீலச் சட்டை. என் வீட்டுக்காரர், ஞானசிகாமணி. நெடுஞ்சாலைத் துறையில் வரைபடம் போடுகிறார். தூங்கவில்லை, தலைசுற்றல். மாத்திரையைக் கூட்டியதிலிருந்து எழுந்தால் சுற்றுகிறது, நடந்தால் சுற்றுகிறது. போன வாரம் பஸ் ஸ்டாப்பில் விளம்பரப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாராம். ஒரு விதத்தில் நல்லதுதான், வீட்டில் எதிர்ப்பேச்சு குறைந்திருக்கிறது.

பன்னிரண்டு மணிக்குள் இந்த டப்பாவைக் கொடுக்காவிட்டால் இன்றைக்கு அவர் பெயரை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்களாம். மூன்று வருஷ ஆய்வில் இரண்டேகால் வருஷம் முடிந்த பிறகு! எப்படி இருக்கிறது கதை? நீங்களே கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

சர்க்கரை நோய் சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்களாம். அரசாங்கப் பணம். என்னைக் கேட்டிருந்தால் மூன்று நிமிஷத்தில் சொல்லியிருப்பேன்: ஆபீஸ் கேண்டீன் போண்டா வழியாகக் கெடுக்கிறது. என்னை யார் கேட்டார்கள்? ஆயிரத்து நூறு பேரைச் சோதித்து இருநூறு பேரை எடுத்தார்கள். அதில் இவர் நாற்பத்து மூன்றாம் நம்பர். இவர் வாழ்க்கையில் எந்தப் பட்டியலிலும் இத்தனை முன்னால் வந்ததில்லை. ரத்தம், ஸ்கேன், கண், கால், எல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இலவசம். டாக்டர் தாட்சாயணி மாதிரி ஒரு பெரிய டாக்டரை வெளியே பார்க்க வேண்டுமென்றால் பகல் முழுக்கக் காத்திருக்க வேண்டும். இங்கே அவரே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அதை விடுவதற்கு நான் என்ன பைத்தியமா?

தொடக்க விழாவுக்கு நீங்கள் வந்திருக்க வேண்டும். டீன், டெபுடி டைரக்டர், குத்துவிளக்கு. இருநூறு சர்க்கரை நோயாளிகளை உட்கார வைத்து இனிப்பின் தீமைகள் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். பேசி முடித்ததும் ஆளுக்கொரு தட்டில் கேசரி. நெய் ஒழுகுகிறது. இவர் கை நீண்டது. ஒரு பார்வை பார்த்தேன், கை மடிக்குத் திரும்பிவிட்டது. கொடுத்ததை வீணாக்க முடியுமா? அவருடையதையும் சேர்த்து நான்தான் சாப்பிட்டேன். திராட்சை குறைவு.

விழா முடிந்ததும் ஆளுக்கொரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், ஒரு டைரி, ஒரு கேன். அந்தக் கேனில்தான் என் வினை இருந்தது.

ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன். ரம்சியா என்று ஒரு பெண், ஆய்வுப் பணியாளர், இருபத்தைந்து வயது இருக்கும், என்னை ஆன்ட்டி என்பாள். நான் என்றைக்கு அவளுக்கு ஆன்ட்டி ஆனேன்? போகட்டும். அவள்தான் விளக்கினாள். "காலைல முதல் தடவை போறத விட்டுடுங்க ஆன்ட்டி. அதுக்கப்புறம் மறுநாள் காலைல அதே நேரம் வரைக்கும், ஒரு சொட்டு விடாம கேன்ல சேர்க்கணும். வெளிய போனாலும் கேன் கூடவே போகணும்." மூன்று மாதத்துக்கு ஒரு நாள். இருபத்து நாலு மணி நேரக் கணக்கு.

முதல் தடவை நான் இவரை நம்பினேன். தப்பு. சாயந்திரம் வந்தார், கை வீசிக்கொண்டு.

"ஆபீஸ்ல போனது?"

"ஆபீஸ்ல போனது ஆபீஸ்ல."

"கேன் எதுக்கு இருக்கு?"

"அத இருபத்தொண்ணாம் நம்பர் பஸ்ல மடில வச்சுக்கிட்டு வரச் சொல்றியா? கண்டக்டர் லக்கேஜ் போடுவான் ஹேமா."

மறுநாள் காலையில் கேனைத் தூக்கிப் பார்த்தால் அடியில் அறுநூறு மில்லி. ரம்சியா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, ஃபாரத்தில் 'முழுமையற்றது' என்று எழுதினாள். சிவப்புப் பேனாவில்! என் கண் முன்னால்! "இன்னொரு தடவை இப்படி வந்தா பேர எடுத்துடுவாங்க ஆன்ட்டி" என்றாள்.

நான் செயின்ட் ஆன்ஸ் கான்வென்ட்டில் பதினோரு வருஷம் படித்தவள். என் ரிப்போர்ட் கார்டில் சிவப்பு மையே பட்டதில்லை. எங்கள் சிஸ்டர் இம்மாக்குலேட் பரீட்சை ஹாலில் பிரம்போடு நடந்துகொண்டே சொல்லுவார்: "தெரியுதோ தெரியலையோ, காலி இடம் விடாதே. நிரப்பிட்டு எழுந்திரு." அப்படித்தான் நான் வளர்ந்தேன். காலி இடம் என்றால் எனக்கு ஆகாது. பாத்திரமோ, படிவமோ, பாதியில் நின்றால் கை பரபரக்கும்.

இரண்டாம் தடவை பட்டுப்புடவைக் கடைப் பை ஒன்றில் கேனைப் போட்டு, மேலே ஒரு டவலைச் சுற்றி, கொண்டுபோங்கள் என்று கொடுத்தேன். என்ன சொன்னார் தெரியுமா? "இந்தப் பையோட உள்ள போனா, சார் என்ன வாங்கிருக்கீங்கன்னு எல்லாரும் தொறந்து பாப்பாங்க. நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் அத வச்சே ஓட்டுவாங்க." பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதில் மட்டும் ஒரு நியாயம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

கொஞ்சம் கிட்ட வாருங்கள். அந்த அட்டெண்டருக்குக் காது நீளம்.

நான் நிரப்பினேன்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? தண்ணீரையா ஊற்றினேன்? தண்ணீர் ஊற்றினால் அது மோசடி. நான் பொய் சொல்லி வளர்ந்தவள் இல்லை. அது என்ன இருக்க வேண்டுமோ அதுதான், என்னுடையது. ஒரே வீடு, ஒரே உலை, இருபத்தேழு வருஷமாக ஒரே ரசம். அவர் குடிக்கிற தண்ணீரைத்தான் நானும் குடிக்கிறேன். அவருக்குள் போய் வருவதற்கும் எனக்குள் போய் வருவதற்கும் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப்போகிறது? காலையில் ஆரம்பித்தேன், மதியத்துக்குள் கால் கேன். எனக்குக் கஷ்டமே இல்லை, சும்மாவே அரை மணிக்கு ஒரு தடவை போகிறவள் நான். அடுப்படியில் நிற்கிற பெண்களுக்குத் தாகம் அதிகம். ஒரு குடம் தண்ணீர் குடிப்பேன். ராத்திரியில் நாலு தடவை எழுந்திருப்பேன், அது இவர் குறட்டையால். மறுநாள் கேனைக் குலுக்கினால் மேலே நுரை நிற்கிறது பாருங்கள், டிகிரி காபி மாதிரி. இரண்டே முக்கால் லிட்டர்.

ரம்சியா அசந்துவிட்டாள். "சூப்பர் ஆன்ட்டி! சார் இந்தத் தடவை கரெக்டா பண்ணிருக்காங்க." டிக் அடித்தாள். நீல மை.

பத்து நாள் கழித்து ரிசல்ட். டாக்டர் தாட்சாயணி எங்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொன்னார். சிறுநீரில் புரதம் கசிகிறதாம். நிறையக் கசிகிறதாம். சிறுநீரகம் சல்லடை மாதிரி, அதில் ஓட்டை பெரிதானால் உடம்புக்கு வேண்டியதெல்லாம் வெளியே போய்விடுமாம். இப்படியே விட்டால் சில வருஷத்தில் டயாலிசிஸ் என்றார்.

இவர் முகம் வெளிறிவிட்டது. எனக்கு வந்த கோபம்! எத்தனை போண்டா தின்றிருந்தால் இப்படி ஓட்டை விழும்? வீட்டுக்கு வந்ததும் சமையலறையை நான் கையில் எடுத்துக்கொண்டேன். முன்னாலும் என் கையில்தான் இருந்தது, இப்போது இன்னும் இறுக்கமாக. உப்பு கிடையாது. அப்பளம் கிடையாது. ஊறுகாய் ஜாடியைப் பூட்டி வைத்தேன். பருப்பு அளந்து. காலையில் இரண்டு இட்லி, சட்னியில் உப்பில்லை. ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு, "இது சட்னியா, பச்சைச் சுண்ணாம்பா?" என்றார். "உங்க கிட்னியக் கேளுங்க" என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அவர் சாப்பிடாததெல்லாம் என்ன ஆகும்? அக்கம்பக்கத்தில் கிரகப்பிரவேசம், வளைகாப்பு, பாஸ் ஆன பிள்ளை என்று மைசூர்பாகும் லட்டும் வந்துகொண்டே இருக்கிறது. தூக்கி எறிய எனக்கு மனசு வராது. அவருக்காக நான் சாப்பிடுகிறேன். இந்த உடம்பைப் பாருங்கள், இது அவருக்காக ஏறிய உடம்பு. இதில் செருப்புக்காரனும் கண்ணாடிக்காரனும் சேர்ந்து என்னைப் படுத்துகிறார்கள். வருஷத்தில் மூன்று தடவை பவர் மாற்றிக் கொடுத்துவிட்டான் அந்தக் கண்ணாடிக்கடைக்காரன், ஒன்றும் சரியில்லை, பஸ் நம்பர் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. செருப்போ காலையில் சரியாக இருக்கிறது, சாயந்திரம் பிடிக்கிறது. இப்போதெல்லாம் எவன் ஒழுங்காகத் தைக்கிறான்?

பிறகு ஒவ்வொரு மூன்று மாதமும் நான் குறைவைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் முந்தியதை விட மோசம். மாத்திரை ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. டாக்டருக்கே புரியவில்லை. "ரத்தத்துல எல்லாம் நல்லாருக்கு, ஸ்கேன்ல கிட்னி அழகா இருக்கு, சிறுநீர்ல மட்டும் இப்படி வருதே" என்று தலையைச் சொறிந்தார். அவ்வளவு படித்தவர்! வெளியூரிலிருந்து இரண்டு பெரிய டாக்டர்கள் வந்து இவர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்கள். "ரொம்ப சுவாரசியமான கேஸ்" என்றார்கள். கடைசியில் டில்லியில் ஏதோ மாநாட்டில் இவரைப் பற்றி ஸ்லைடு போட்டுக் காட்டினார்களாம். பெயர் போடவில்லை, 'நாற்பத்து மூன்றாம் நபர்' என்று மட்டும். ஒரு கோடு வரைந்து, அது மேலே மேலே ஏறுகிறதாம். இந்த மனுஷர் டில்லிக்கே போனதில்லை, அவருடைய கோடு போயிருக்கிறது. கொஞ்சம் என்னுடையதும் கலந்து போயிருக்கிறது என்று நினைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியே சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நான் கோயம்புத்தூர் போனதுதான் வினை. என் தங்கை மகளுக்குப் பிரசவம், பத்து நாள் இருந்தே ஆக வேண்டும். அந்தப் பத்து நாளில் கேன் நாள் வந்துவிட்டது. போனில் நூறு தடவை சொன்னேன். "கவலப்படாத, அன்னைக்கு லீவு போட்டுட்டு வீட்லயே இருக்கேன்" என்றார். இருந்தார். எல்லாம் தானே செய்தார். ஒன்றரை லிட்டர் முழுசாக.

ரிசல்ட் வந்தது. சுத்தம்! புரதமே இல்லை. ஒரு துளி ஓட்டை இல்லை. ரம்சியா போன் போட்டுச் சொன்னாளாம். மனுஷர் நேராகப் போய் ஒரு கட்டு அப்பளம் வாங்கிவந்து தானே பொரித்துத் தின்றிருக்கிறார். ஊரிலிருந்து வந்தபோது வீடெல்லாம் எண்ணெய் வாடை.

எனக்குக் காரணம் தெரியும். ஒன்றரை வருஷம் உப்பில்லாமல் போட்டேனே, அதன் பலன் அப்போதுதான் இறங்கியிருக்கிறது. ஆனால் ஒரு நன்றி? ஒரு வார்த்தை? கிடையாது. அதற்கடுத்த கேன் போன வாரம். நான் வீட்டில் இருந்தேன், வழக்கம்போல ஆகவேண்டியதைச் செய்தேன். புரதம் பழையபடி கூரையைத் தொட்டுவிட்டது. அப்பளம்! வேறென்ன?

அதற்குத்தான் இன்றைக்கு அவசரமாக வரச்சொன்னார்கள். உள்ளே போனோம். டாக்டர் தாட்சாயணி மேஜை மேல் அந்தக் கோட்டை விரித்து வைத்திருந்தார். ஏறுகிறது, ஏறுகிறது, ஒரே இடத்தில் தொப்பென்று விழுகிறது, திரும்ப ஏறுகிறது.

"இந்த ஒரு மாசம் மட்டும் என்ன வித்தியாசம் சார்? மாத்திரை மாத்துனீங்களா? நாட்டு மருந்து ஏதாவது?"

இவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அந்தத் தலைசுற்றலிலும் வேடிக்கை பேச வேண்டும் அவருக்கு. "வேற ஒண்ணும் இல்ல டாக்டர். இவ ஊருக்குப் போயிருந்தா. இவ ஊருக்குப் போனாதான் என் கிட்னி நல்லாருக்கு."

ரம்சியா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. டாக்டரும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் மேஜைக்கு அடியில் குனிந்து என் காலைப் பார்த்தார். எனக்கு என்னவோ போல இருந்தது, புடவையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"அம்மா, உங்க கால் எப்பவும் இப்படி வீங்கியிருக்குமா?"

"புதுச் செருப்பு டாக்டர்."

"விரலால அமுக்கட்டுமா?" அமுக்கினார். அந்தக் குழி அப்படியே நின்றது, மாவில் கை வைத்த மாதிரி. கால் பளபளப்பதைப் பார்த்து இத்தனை நாளாக மெருகு ஏறியிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"நீங்க கடைசியா எப்ப சுகர் பாத்தீங்க?"

"எனக்கு எதுக்கு டாக்டர்? எனக்கு ஒண்ணும் இல்ல. நோயாளி அவர்."

"வீட்ல கேனத் தொடறது யாரு?"

இதுதான் என்னைச் சுருக்கென்று குத்தியது. நான் யார் என்று நினைத்தார்? கழுவித் துடைத்து, மூடி போட்டு, வெயில் படாமல் வைத்து, ஏழு தடவை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தவளை இப்படியா கேட்பது? "எல்லாம் நான்தான் பாத்துக்கறேன்" என்றேன் நிமிர்ந்து. அது உண்மைதானே.

உடனே ரம்சியாவிடம் கையை நீட்டினார். இந்த டப்பா வந்தது. "பன்னெண்டு மணிக்குள்ள நீங்க ஒரு சாம்பிள் குடுங்கம்மா. குடுக்கலன்னா சார எங்களால இதுல தொடர்ந்து வச்சுக்க முடியாது. அவருக்கு வேண்டாத மாத்திரை போய்க்கிட்டிருக்கோன்னு எனக்கு பயமா இருக்கு." வேண்டாத மாத்திரையாம். எழுதிக் கொடுத்தது யார், நானா?

மணி என்ன? பதினொன்று நாற்பதா? ஐயோ.

கொடுப்பதில் எனக்கு ஒன்றுமில்லை. ஏழு கேன் கொடுத்தவளுக்கு ஒரு டப்பா பெரிதா? ஆனால் அந்தப் பாத்ரூமைப் பார்த்தீர்களா? தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் சணல் கயிறு. உள்ளே பக்கெட்டில் எதுவோ மிதக்கிறது. சர்க்கரை ஆராய்ச்சிக்குக் கோடி கோடியாகக் கொடுக்கிற அரசாங்கம் ஒரு தாழ்ப்பாள் கொடுக்கக் கூடாதா? நான் அதற்குள் கால் வைக்க மாட்டேன். செத்தாலும் வைக்க மாட்டேன். டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கவும் என்னால் முடியாது. என் பெயர் ஒட்டிய ஒன்றை நான் இதுவரை காலியாகக் கொடுத்ததில்லை. இவரைப் பாருங்கள், கோழி மாதிரித் தலை தொங்குகிறது. இந்த ஆய்வும் போய்விட்டால் இவருடைய கிட்னியை யார் பார்ப்பது?

அதனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது. எனக்கும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத இரண்டு பேரில் யாருடையதாக இருந்தால் என்ன? உங்களுக்கு அந்தக் கயிற்றுக் கதவு பெரிதாகத் தெரியாது, நல்ல மனசு உங்களுக்கு, முகத்திலேயே இருக்கிறது. பாதி டப்பா போதும். முழுசாக இருந்தால் இன்னும் நல்லது. ரிசல்ட் சுத்தமாக வரும், அந்த டாக்டர் வாய் அடைக்கும், இவர் பெயர் நிற்கும், எல்லோருக்கும் நல்லது.

வாங்கிக்கொண்டீர்களே! நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். பையை நான் பார்த்துக்கொள்கிறேன், போய் வாருங்கள். டோக்கன் கூப்பிட்டால் குரல் கொடுக்கிறேன்.

அம்மா, பாத்ரூம் இந்தப் பக்கம்.

இந்தப் பக்கம் என்றேன், அது டாக்டர் ரூம். உங்கள் நம்பர் இன்னும் வரவில்லை. ஒன்பதாம் நம்பர் இன்னும் உள்ளே இருக்கிறது, தட்டாமல் திறக்கிறீர்களே! என்ன சொல்லப்போகிறீர்கள்? என்னைக் கையைக் காட்டி என்ன சொல்கிறீர்கள்?

ஏங்க! கண்ணத் தொறங்க! அந்தம்மா என் டப்பாவ எடுத்துக்கிட்டு உள்ள போறாங்க பாருங்க! காலியா! காலி டப்பாவ என் பேரோட கொண்டுபோய்க் குடுக்கறாங்க!